விடுவதற்கு ஒன்றும் இல்லாதவர்

"விடுறதுக்கு எங்கிட்ட இனி ஒண்ணும் இல்லைம்மா," என்றார் தெய்வசிகாமணி.

நாச்சியம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு ஒரே ஒரு வழக்கம்தான். சேர வருகிறவர் ஏதாவது ஒன்றை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஒருவர் பீடியை விட்டார். ஒருவர் கைக்கடிகாரத்தை விட்டார். ஒரு வக்கீல் வாதாடுவதை விட்டாராம், மறுநாளே திரும்ப எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாராம்.

தெய்வசிகாமணிக்கு வயது அறுபத்தொன்று. நாச்சியம்மைக்கு நாற்பத்து மூன்று. பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர். குரு சிறியவர், சேர வந்தவர் பெரியவர். அதில் இருவருக்குமே சங்கடம் இல்லை.

"எதுக்காக வந்தீங்க ஐயா?"

"தலைவலிம்மா. ஒத்தைத் தலைவலி. இருபத்திரெண்டு வருசமா. இடது கண்ணுக்கு மேல ஆணி அடிக்கிற மாதிரி. வந்துச்சுன்னா ரெண்டு நாளைக்கு நான் மனுசனே இல்லை."

"அதுக்கு மடம் என்ன செய்யும்?"

"எதனால வருது, எதனால வருதுன்னு ஒவ்வொண்ணாக் கண்டுபிடிச்சு விட்டுட்டே வந்தேன். எல்லாத்தையும் நான் விட்டாச்சு. வலி என்னைய விடலை."

சொல்லிவிட்டு ஒரு நோட்டை நீட்டினார்.

அவர் மதுரையில் ஒரு அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவர். தப்பு என்று பட்டால் போதும், கை தானாகக் கோடு இழுத்துவிடும். அந்தக் கைதான் இந்த நோட்டையும் எழுதியிருந்தது. எண், பொருள், தேதி, குறிப்பு. ஒவ்வொரு வரியின் மேலும் சிவப்பு மையில் நேரான ஒரு கோடு.

நாச்சியம்மை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடுவிலிருந்து படித்தார்.

"எட்டு, காப்பி. பன்னிரண்டு, ரேடியோ. பதினாலு, சினிமா. பத்தொம்பது, மைத்துனர்." தலையை நிமிர்த்தினார். "மைத்துனரா?"

"அவர் வந்துட்டுப் போனா மறுநாள் நிச்சயம் வலிக்கும்மா. சந்தேகமே இல்லை."

வெளியே வேப்பமரத்தடியிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

அங்கே அவர் மனைவி அங்கயற்கண்ணி, அவருடைய துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைத்துனர் அவளுடைய தம்பி.

"முப்பத்தொண்ணு, மாத்திரை. டாக்டர் குடுத்ததா?"

"ஆமா. அந்த மாத்திரையாலதான் வலி வருதோன்னு ஒரு சந்தேகம்."

"எத்தனை தடவை போட்டீங்க?"

"ரெண்டு."

நாச்சியம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே ஒரே ஒரு வரி இருந்தது. மை இன்னும் பளிச்சென்று இருந்தது. அன்று விடியற்காலையில் இழுத்த கோடு அது.

"நாப்பது, வீடு."

தெய்வசிகாமணி தலையை ஆட்டினார்.

"வீட்டையுமா?"

"குக்கர் சத்தம். பாத்திரம் உருட்டுற சத்தம். அவ நடமாடுற சத்தம். எதுவும் தாங்கலைம்மா. இங்கேயே இருந்துடலாம்னு வந்துட்டேன். அவ நாலு மணி பஸ்ல திரும்பிடுவா. கோயமுத்தூர்ல மக இருக்கா, அங்க போய் இருந்துக்குவா."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது வேப்பமரத்தின் பக்கம் பார்க்கவில்லை.

நாச்சியம்மை கீரைத் தட்டோடு எழுந்தார்.

"நான் இந்த மடத்துக்கு வந்தப்ப விட்டது மூணே மூணு. நீங்க நாப்பது விட்டிருக்கீங்க. வாங்க, இந்தப் பலகையில நீங்க உக்காருங்க. நான் கீழ உக்காந்து கேட்டுக்கிறேன்."

"ஐயையோ, அம்மா..."

"சும்மா உக்காருங்க ஐயா."

உட்கார வைத்துவிட்டார். தெய்வசிகாமணிக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிரே தரையில் குரு கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"முதல் வரியைப் படிங்க."

நோட்டை விரித்தார். அந்தப் பக்கம் பழுப்பேறிப் போயிருந்தது.

"ஒண்ணு, மல்லிகைப்பூ. குறிப்பு: கல்யாண வீடு. உறுதி."

"என்ன நடந்துச்சு?"

"அச்சகத்து முதலாளி வீட்டுக் கல்யாணம். சாயங்காலம் ரிசப்ஷன். இவ தலை நிறைய பூ வச்சுக்கிட்டு என் பக்கத்துல நின்னா. திடீர்னு இடது கண்ணோரத்துல வெளிச்சம் வெட்டி வெட்டித் தெரிஞ்சுது. அப்புறம் வலி. மண்டபத்து வாசல்லயே வாந்தி. அந்தப் பூ வாசனை அப்படியே மண்டைக்குள்ள ஏறிடுச்சும்மா. அன்னிக்கே சொல்லிட்டேன், இனிமே வீட்டுக்குள்ள பூ கூடாதுன்னு."

"அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"என்னது?"

"காலையில, மத்தியானம். என்ன சாப்பிட்டீங்க?"

தெய்வசிகாமணி யோசித்தார். ஒரு பெரிய புத்தகத்தை அவசரமாக முடித்துக்கொடுத்த நாள் அது.

"சாப்பிட்டிருப்பேன்," என்றார்.

"சாப்பிடலை."

சொன்னது வேப்பமரத்தடி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கயற்கண்ணி பையை இறக்கி வைக்காமலே எழுந்து வாசல்வரை வந்திருந்தாள்.

"அன்னிக்கு டிபன் பாக்ஸைக் கழுவினவ நான்தாம்மா. நாலு இட்டிலி குடுத்துவிட்டேன். நாலும் அப்படியே திரும்பி வந்துச்சு. வெறும் டீயைக் குடிச்சிட்டு நேரா கல்யாணத்துக்கு வந்தாக."

பையை வாசலோரம் வைத்துவிட்டு, "காப்பியை விட்டாகளே, அன்னிக்கும் பாக்ஸ் திரும்பி வந்துச்சு. சினிமாவுக்குப் போனமே, அன்னிக்கும்தான்," என்றாள்.

தெய்வசிகாமணிக்கு முகம் வெளிறிவிட்டது. முப்பத்தைந்து வருடம் ஊரார் பிழையையெல்லாம் கண்டுபிடித்தவர்.

"இத்தனை வருசமா ஏன் சொல்லலை?"

"தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க மனுசன்கிட்ட வாதாடவா முடியும்?" என்றாள் அவள். "சாப்பிட்டுப் போங்கன்னு தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். அதுவும் தலைவலின்னீக."

நாச்சியம்மை கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எல்லாமே பட்டினியாலன்னு நான் சொல்லலை ஐயா. சிலது நிஜமாவே உங்களுக்கு ஆகாததா இருக்கலாம். வெயில் ஆகாதுன்னா வெயில்ல போகாதீங்க. அதைப் பாக்கிறதுக்கு டாக்டர் இருக்காரு. எனக்கு மடத்து வழக்கம்தான் கவலை. ஒண்ணை விட்டாத்தான் சேக்குறது. உங்ககிட்டயோ விட ஒண்ணும் இல்லை."

"ஆமாம்மா."

"அப்ப உங்களுக்கு வழக்கத்தைத் திருப்பிப் போட்டுருவோம். விட்டதுல ஒண்ணைத் திரும்ப எடுத்துக்கிட்டு வாங்க, சேத்துக்கிறேன். உங்க தொழில்ல, அடிச்ச ஒண்ணு வேணும்னு ஆயிட்டா என்ன செய்வீங்க?"

"அடிச்ச சொல்லுக்குக் கீழே வரிசையாப் புள்ளி வைப்போம். பக்கத்து ஓரத்துல 'இருக்கட்டும்'னு எழுதுவோம்."

"ஒரு வரிக்கு அதைச் செய்யுங்க. பஸ் வர்றதுக்குள்ள."

தெய்வசிகாமணி பென்சிலை எடுத்தார். நோட்டைப் பார்த்தார். எண் எட்டில் பாதி தெரியவில்லை. காப்பி என்ற சொல்லின் நடுவில் ஒரு வெளிச்சம் வளைந்து வளைந்து ஓடியது.

"வருதும்மா," என்றார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வெறும் வயிற்றோடு கிளம்பியிருந்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நாச்சியம்மை உள்ளறைக்கு நடத்திப்போய் ஜன்னலைச் சாத்தினார். அங்கயற்கண்ணி மடத்து அடுப்படியில் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தாள். நாலு வாய் ஊட்டினாள். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள்.

"இது எது?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அதேதான். முப்பத்தொண்ணு."

"பழசா?"

"தேதி முடிய முடிய டாக்டரைக் கேட்டுப் புதுசு வாங்கி வச்சுக்குவேன். என்னிக்காவது கேப்பீகன்னு."

விழுங்கினார். நெற்றியில் ஈரத்துணி விழுந்தது. காலடிச் சத்தம் மெதுவாக வெளியே போயிற்று. அவர் காதில் படாமல் நடக்க அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று அவருக்கு நினைவில்லை.

இருட்டில் படுத்திருந்தார். வலி வந்து நின்று குத்தியது. இந்த முறை எதனால் வந்தது என்று தேட வேண்டிய வேலை இல்லை. அதனால் மனம் வேறெங்கோ போயிற்று.

சிம்மக்கல்லில் மாடியில் ஒற்றை அறை. கல்யாணமான புதிது. ஆறு மணிக்கு அச்சகம் விட்டு வரும்போது முக்குப் பூக்காரியிடம் ரெண்டு முழம் வாங்குவார். இலையில் சுற்றிய பொட்டலம் கையில் சில்லென்று இருக்கும். பூக்காரி தன் முழங்கையால்தான் அளப்பாள், அவள் கையோ குட்டைக் கை. வீட்டுக்கு வந்ததும் அங்கயற்கண்ணி தன் கையால் ஒரு தடவை அளந்து பார்த்து, "இன்னிக்கும் ஏமாந்துட்டு வந்திருக்கீக," என்பாள். தினமும் அளப்பாள். தினமும் சொல்வாள். அதைக் கேட்பதற்காகவே அவர் அந்தக் குட்டைக் கைக்காரியிடம் வாங்கினார்.

கரண்ட் போனால் மொட்டைமாடிக்குப் போவார்கள். கோபுரத்து உச்சி விளக்கு தெரியும். பேச ஒன்றும் இருக்காது. பேசாமல் இருந்தாலும் அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று இருட்டில் பூவே சொல்லிவிடும். மறுநாள் அச்சகத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு வாடின மொட்டு ப்ரூஃப் தாளின் மேல் விழும். வருமான வரிச் சட்டப் புத்தகம் ஒன்றை அவர் சிரித்துக்கொண்டே திருத்தியது அந்த நாட்களில்தான்.

பதினாலு வருடம் அப்படி இருந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது!

தலைவலி வந்து அதையெல்லாம் கொண்டுபோய்விட்டது என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வந்தார். கோடு இழுத்தது யார் கை என்று இப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதால் வலி கூடும் என்று ஒரு பயமும் கூடவே வந்தது. இரண்டோடும் தூங்கிப்போனார்.

விழித்தபோது ஆணி இல்லை. அது இருந்த இடம் மட்டும் மந்தமாக வலித்தது. வழக்கமாக இரண்டு நாள் ஆகும், இன்று இவ்வளவு சீக்கிரம் எழுந்து உட்கார முடிந்ததே அவருக்கு ஆச்சரியம்.

கதவைத் திறந்தார். அந்த வாசனை எதிரே வந்து நின்றது.

மடத்து முற்றத்தில் சாயங்காலப் பூசைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடை நிறைய மல்லிகை. நாச்சியம்மையின் கை தடுமாறித் தடுமாறிக் கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அங்கயற்கண்ணி. அவள் விரல்கள் எதையும் மறக்கவில்லை. நார் எங்கே சுற்றுகிறது, எங்கே இறுகுகிறது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை, சரம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது. சரத்தைக் கூடையில் போட்டாள். கூடையைத் தள்ளினாள். சடக்கென்று எழுந்து, கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு, காற்று அவர் பக்கம் வராத இடமாகப் பார்த்துப் போய் நின்றாள்.

"எந்திரிச்சுட்டீகளா? பூசைக்குன்னாக, அதான் ரெண்டு கட்டுனேன். கையைக் கழுவிட்டு வந்துர்றேன்."

தலைவலி எத்தனையோ தடவை வந்திருக்கிறது. இப்படி ஒரு வலி வந்ததில்லை.

தெய்வசிகாமணி பலகையில் கிடந்த நோட்டை எடுத்தார். நின்றுகொண்டே பென்சிலால் எதையோ செய்தார். நாச்சியம்மையிடம் நீட்டினார்.

முதல் வரியின் கீழே வரிசையாகப் புள்ளிகள். ஓரத்தில் ஒரு சொல். நாச்சியம்மை கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். அங்கேயும் புள்ளிகள், அதே சொல்.

"ஒண்ணுதானே ஐயா கேட்டேன்?"

"ஒண்ணை மட்டும் எடுத்தா இன்னொண்ணு நிக்காதும்மா."

"அப்ப மடத்துல சேரலையா?"

மலை வளைவில் நாலு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

தெய்வசிகாமணி வாசலோரம் இருந்த தன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். நாச்சியம்மை கூடையிலிருந்த சரத்தில் ஒரு பகுதியைக் கிள்ளினார். எழுந்து போய் அங்கயற்கண்ணியின் கையில் வைத்தார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். தன் கையால் ஒரு தடவை அளந்தாள். அளந்தது அவளுக்கே தெரிந்ததா என்பது சந்தேகம். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தலை?"

"வலிக்குது," என்றார். "நீ வச்சுக்க."