வரி கட்ட ஆசைப்பட்ட நாச்சாத்தாள்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. தேர்தலுக்கு முந்தின நாள், டீ நேரத்தில் முதலாளி சென்னியப்பன் பொரிந்து தள்ளினார்.

"வருமான வரி கட்டுறது நான் ஒருத்தன். ஒத்தப் பைசா கட்டாத உங்க முந்நூறு பேருக்கும் ஆளுக்கொரு ஓட்டா? நாளன்னைக்கு எவ விரல்ல மையோட வந்தாலும் இங்க வேலை கிடையாது!"

பனியனில் நூல் பிசிறு வெட்டும் நாச்சாத்தாள் எழுந்தாள். "நியாயந்தானுங்க மொதலாளி. எங்களுக்கும் கூச்சமாத்தான் இருக்குது. நாங்களும் வரி கட்டிடறோமுங்க."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "கட்டேன்! யாரு தடுத்தா?"

"நீங்கதானுங்க. வரி கட்டுற அளவுக்குச் சம்பளத்தை ஏத்த மாட்டேங்கறீங்களே!"

முந்நூறு பேரும் சிரிக்க, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் ஓட்டு வரிசையில் அவரைக் கண்டதும் நாச்சாத்தாள் ஒதுங்கி நின்றாள். "வரி கட்டுறவங்க முன்னால போங்க."

"நீ போ அம்மிணி," என்றார் அவர். "உன்னையும் வரி கட்ட வைக்கிற வரைக்கும் நான் பின்னாலதான்."