பந்தலுக்குக் கீழே பச்சிலை

“என் செடிக்கு என்னமோ ஆயிடுச்சும்மா” என்றான் மாசிலாமணி.

பூரணியம்மாள் மலையடிவார மடத்தில் மூலிகை எண்ணெய் வடிப்பவர். அவரிடம் தொழில் கற்றுக்கொண்டு போய், தன் வீட்டுக் கொல்லையில் திருநீற்றுப்பச்சிலை போட்டிருந்தான் அவன்.

“பட்டுப்போச்சா?”

“இல்லம்மா. என் உசரத்துக்கு நிக்குது. எல உள்ளங்கை அகலம். ஆனா காய்ச்சி வடிச்சா வெறும் தண்ணிதான். ஒரு சொட்டு எண்ணெய் இல்ல.”

அவர் எழுந்து அவனோடு நடந்தார்.

கொல்லை முழுக்கத் தென்னங்கீற்றுப் பந்தல். கீற்றின்மேல் கீற்றாக வேய்ந்திருந்தான். வெளியே உச்சிவெயில், உள்ளே அந்தி மாதிரி இருந்தது.

ஒரு தேனீ இல்லை. எறும்புகூட இல்லை.

பூரணியம்மாள் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். வாசனையே இல்லை, கையில் ஈரம் மட்டும் இருந்தது.

“ஏன் இப்படி மூடி வச்சிருக்கே?”

“வெயில் பொல்லாததும்மா. எம் பொஞ்சாதி வயல்ல வெயில் தாங்காமத்தான் சுருண்டு விழுந்து செத்தா. அதுலேர்ந்து வெயிலைப் பாத்தாலே எனக்கு ஒடம்பு நடுங்குது.”

அவர் செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காற்று அசையவில்லை. ஆனாலும் வெளிறிய தண்டுகள் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. வீட்டுச் சுவரை நோக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு.

சுவரில் ஒரு சின்ன ஜன்னல். உள்ளே விளக்கு எரிந்தது.

“பட்டப்பகல்ல யாருக்கு விளக்கு?”



ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை வந்தது. வெள்ளைவெளேரென்று, நீளமாக. பக்கத்தில் சாய்ந்திருந்த தண்டைத் தடவிக் கொடுத்தது.

“எம் மக அமுதவல்லி” என்றான் மெல்ல. “அவ அம்மா போனதுலேர்ந்து வெளிய விடல. நல்லாத்தான் வளந்திருக்கா. என்னைவிட உசரம்மா.”

பூரணியம்மாள் வீட்டுக்குள் போனார். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு வாசல் பக்கம் காலடிச் சத்தம்.

அவன் ஓடினான்.

தெருவில், வெயிலில் நின்றாள் அமுதவல்லி. இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தோள் துண்டை உருவி அவள் தலையில் போர்த்தப் போனான். பூரணியம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

“சுடுதுப்பா” என்றாள் அமுதவல்லி.

“உள்ள வந்துடு தாயி. வந்துடு.”

அவள் கண்ணிலிருந்து ஒரு விரலை விலக்கினாள்.

பிறகு இன்னொரு விரலை.