மூன்று வேளைத் தண்ணீர் கேட்ட போன்சாய்

வேலூர் வெயிலில் நாலு குடித்தனத்தை வைத்துக்கொண்டு, காலையில் அரைமணி நேரம்தான் குழாயில் தண்ணீர் விடுவார் ஹவுஸ் ஓனர் ஏகாம்பரம். கேட்டால், "இஷ்டமிருந்தா இருங்க" என்பார். கெஞ்சிக் கெஞ்சி எல்லோருக்கும் அலுத்துப்போனது. ஆனால் வாசலில் தொட்டியில் குட்டையாக அவர் வளர்க்கும் போன்சாய் ஆலமரம் லேசாக வாடினாலும் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள், குடியிருக்கும் நவநீதத்தைக் கூப்பிட்டார். "களிமண்ணுல வேர் அழுகுது. நீயே வேற மண் கலந்து வை. மரம் பட்டுப்போச்சுன்னா வீட்டைக் காலி பண்ணணும்."

நவநீதம் உடனே வேலையில் இறங்கினாள். செங்கல்லை உடைத்துச் சலித்து, ஒரு பிடி எரு மட்டும் சேர்த்து மரத்தை மாற்றி நட்டாள்.

"இனி வேர் அழுகாது சார். ஆனா இதுல ஈரம் நிக்காது, மூணு வேளையும் ஊத்தணும். நீங்க தண்ணி விட்டா நான் ஊத்திடறேன்."

ஏகாம்பரம் முனகிக்கொண்டே மூன்று வேளையும் வால்வைத் திறந்தார். எல்லா வீட்டுக்கும் அந்த ஒரே வால்வுதான்.

குடம் நிரப்ப வந்த பக்கத்து வீட்டு ஷகிலா கேட்டாள், "ஏன்க்கா, கொஞ்சம் தேங்காய் நார்த்தூள் கலந்திருந்தா ஈரம் நின்னிருக்குமே?"

"நின்னிருக்கும்டி. மரம் ஒரு வேளைத் தண்ணியில பிழைச்சிருக்கும். நாமதான் காஞ்சிருப்போம்."