கடைமடைக் கட்சித் தலைவருக்கு வந்த விக்கல்

முன்னொரு காலத்தில், போரும் இல்லை வேலையும் இல்லை என்றிருந்த ஒரு கோடையில், பூபாலகீர்த்தி என்ற ராஜா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கடல் தாண்டி வந்த ஒரு வியாபாரி அவரிடம், எங்கோ ஒரு தேசத்தில் ஜனங்கள் கட்சி கட்சியாக உட்கார்ந்து பேசித் தங்கள் சட்டத்தைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். சும்மா போயிருக்கலாம், பாவி. ராஜாவுக்கு அந்த ஆட்டத்தை ஆடிப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

ஆடுவதற்கு ஆளா இல்லை? அரண்மனையில் சும்மா இருப்பவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. சீட்டுக் குலுக்கினார்கள். மந்திரி அம்பலவாணருக்கு, வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் கடைமடை விவசாயிகளின் கட்சி விழுந்தது. தளபதி கடம்பராயருக்குக் கரும்புக்காரர் கட்சி. பொக்கிஷதார் சீவலமாறருக்குச் சந்தைக்காரர் கட்சி. மூவரும் பேசி, மூன்று பழைய சட்டங்களை மாற்றும் ஒரே மசோதாவை எழுத வேண்டும்.

அந்தச் சட்டங்களையும் கேளுங்கள். ஏரித் தண்ணீர் முதலில் அரண்மனைப் பூந்தோட்டத்துக்கு, மிஞ்சினால்தான் வயலுக்கு. பட்டத்து யானை எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது. அரண்மனை மணி அடித்தால், மறுமணி அடிக்கும்வரை சந்தையில் ஒருவரும் அசையக் கூடாது. இந்த மூன்றாவது எதற்கென்று அதைப் போட்ட ராஜாவின் தாத்தாவுக்கே தெரியாது.

சபைத் தலைவனாக அரண்மனைக் கோணங்கி வெயிலுகந்தானை உட்கார வைத்தார்கள். அவன் கடைமடையில் பிறந்தவன். அங்கே பால் பிடிக்கிற பயிர் வாடிக்கொண்டிருந்தது; பத்து நாளில் தண்ணீர் போகாவிட்டால் எல்லாம் பதர்தான். ஜனங்கள் மூன்று தடவை மனுக் கொடுத்தும் ராஜா பிரித்துப் பார்க்கவில்லை. ஆகவே அவன், ஆட்டத்தில் நிறைவேறுவது நிஜச் சட்டமாக வேண்டும் என்று கேட்டான். ராஜா ஒப்புக்கொண்டார். ஆனால் விளக்கு வைப்பதற்குள் மூன்று கட்சியும் முத்திரை வைக்காவிட்டால் மசோதாவும் கிடையாது, வெயிலுகந்தானுக்கு அரண்மனையில் இடமும் கிடையாது என்றார்.

மந்திரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கோணங்கி வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பதும், தான் திறந்தால் தூங்குவதும் அவருக்கு எத்தனை நாள் வயிற்றெரிச்சல்! எதற்கும் ஒப்பக் கூடாது என்று மற்ற இருவரிடமும் சொல்லி வைத்தார். அது போதாதென்று ராஜாவிடம் ஒரு விதியும் கேட்டு வாங்கினார்: மசோதா நிறைவேறும்வரை பழைய சட்டமே செல்லும், அதுவரை அவரவர் தம் கட்சிக்காரராகவே இருக்க வேண்டும், எழுந்து போகக் கூடாது. வெயிலுகந்தான் அதை அப்படியே ஓலையில் எழுதி ராஜாவின் முத்திரையும் வாங்கிக்கொண்டான்.

காலையெல்லாம் பேச்சுவார்த்தை. மடையைத் திறந்தால் யானைக்கு வழுக்கும் என்றார் தளபதி. யானையை விரட்டினால் மணிக்கு மரியாதைக் குறைவு என்றார் பொக்கிஷதார். மந்திரி எல்லாவற்றுக்கும் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

மத்தியானம் வெயிலுகந்தான் ஏற்பாட்டில் சபையிலேயே இலை போட்டார்கள். தளபதி இலையில் கை வைக்கும்போது பட்டத்து யானை உள்ளே வந்து, சோற்றை இலையோடு சுருட்டி வாயில் போட்டுக்கொண்டது. அவர் கம்பைத் தேட, விரட்டக் கூடாது என்று வெயிலுகந்தான் ஓலையைக் காட்டினான். பொக்கிஷதார் வாயருகே கவளத்தைக் கொண்டுபோன சமயம் மணி அடித்தது. சந்தைக்காரர் அசையலாமா? கவளம் அந்தரத்திலேயே நின்றது. மந்திரி மட்டும் மிளகாய் வற்றலைக் கடித்து, நன்றாக விக்கிக்கொண்டிருந்தார். சபையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குடமெல்லாம் பூந்தோட்டத்துக்குப் போயிருந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மந்திரியின் கண் பிதுங்கவும், போதும், தண்ணீர் கொடு என்றார்.

“குடுக்கலாம் மகாராஜா. மல்லிகைப் பாத்தி இன்னும் நனையல, அது முடியட்டும்” என்றான் வெயிலுகந்தான். “மந்திரி ஒரு வேளைக்கே இந்தப் பாடு படுறாரு. எங்க ஜனங்க மூணு கோடையா இப்படித்தான் இருக்காங்க. நீங்க பாக்கல.”

ராஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது. 

அதற்குள் மந்திரியே வாயைத் திறந்தார். “மடையை... விக்... உடனே திறக்கணும்” என்று, வெயிலுகந்தான் எழுதி வைத்திருந்த மசோதா ஓலையை இழுத்து முதல் முத்திரையைக் குத்தினார். யானையின் துதிக்கை தன் தலைப்பாகையைத் தடவத் தொடங்கவும் தளபதி அடுத்ததைக் குத்தினார். பொக்கிஷதார்தான் பாக்கி. அவர் ஒப்புகிறாரா இல்லையா? கண்ணை உருட்டுகிறாரே தவிரக் கை அசையவில்லை. மறுமணி இன்னும் அடிக்கவில்லையே! ராஜாவே ஓடிப்போய் மணிக்கயிற்றை இழுத்தார். பொக்கிஷதார் கவளத்தை விழுங்கினார், அப்புறம் முத்திரை வைத்தார்.

அன்று மாலையே மடை திறந்தது. மூன்றாம் நாள் கடைமடை வயல் நனைந்தது.

நான்காம் நாள் அங்கிருந்து முந்நூறு பேர் மேளதாளத்தோடு அரண்மனைக்கு வந்தார்கள். தங்களுக்காக ஒரு பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போராடி, முதல் முத்திரையும் வைத்த மகான் யார் என்று விசாரித்து, மந்திரி அம்பலவாணரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மனுஷன் வேண்டாம் வேண்டாம் என்று கதறியதைப் பணிவு என்று நினைத்து இன்னொரு மாலை போட்டார்கள். மாடத்தில் நின்ற ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றி வெயிலுகந்தான் கழுத்தில் போட்டார். அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கூட்டத்தில் ஒவ்வொருவருடைய காலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லார் காலிலும் முழங்கால்வரை ஈரச் சேறு அப்பியிருந்தது.