தவமணிக்கு மறுக்கப்பட்ட நகல்

பள்ளி விடுதியில் தவமணிக்குக் கிடைத்த சமையல் வேலையை, அவள் பெயரில் பழைய திருட்டு வழக்கொன்று இருப்பதாகச் சொல்லி நிறுத்திவைத்தார்கள். அந்த வழக்கு தன்னுடையதன்று என்பதை மாலை ஐந்து மணிக்குள் அவள் காட்டாவிட்டால், வேலை வேறொருத்திக்குப் போய்விடும். தன் குற்றப்பதிவின் நகலைக் கேட்டுக் காவல் நிலையத்தில் அவள் நின்றபோது மணி நான்கு. மனுவை மேசைமேல் வைத்தாள்.

ஆய்வாளர் நல்லபெருமாள் மனுவைத் தொடவும் இல்லை. "பதிவெல்லாம் ரகசியம்மா. கண்டவங்களுக்கும் தர முடியாது."

"அதுல இருக்கறதே நான்தான்னு சொல்றாங்க, ஐயா."

"அப்படியா? அங்க அடையாளம் பொருந்தட்டும், தர்றேன்." பதிவேட்டை அவளுக்குத் தெரியாதபடி சாய்த்துக்கொண்டு வாசித்தார். "இடக்கையில ஆறு விரல். எங்கே, கையை நீட்டு."

நீட்டினாள். ஐந்தே விரல்கள்.

"பாத்தியா! அவ நீ இல்லை. உனக்கு நகல் கிடையாது, போ." ஆய்வாளர் வெற்றியோடு சிரித்தார்.

மணி நாலரை ஆகிவிட்டது. தவமணி நகரவில்லை.

"சரிங்க ஐயா. மனுவை மறுத்தா காரணம் எழுதித் தர்றதுதானே வழக்கம்? இப்பச் சொன்னதையே எழுதிக் குடுங்க."

'பதிவில் உள்ளவர் இவர் அல்லர். ஆகவே நகல் மறுக்கப்படுகிறது' என்று மிடுக்காக எழுதிக் கையொப்பமிட்டு, முத்திரையும் குத்தினார். தாளை நீட்டிய பிறகே அவர் முகம் மாறியது.

"ஏம்மா, நீ கேட்டது நகல்தானே?"

"ஆமாங்க ஐயா. ஐயா தர மறுத்துட்டாருன்னு விடுதியில காட்டிடறேன்" என்று சொல்லி, தவமணி பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.