ஒரு குடம் களைப்பு

கோயமுத்தூரில் மில் சங்குகள் ஊருக்கே நேரம் சொல்லிக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு நூல் மில்லில் நஞ்சப்பன் என்று, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் ஒருவன் இருந்தான். பெண்டாட்டிமேல் உயிரையே வைத்திருந்தவன். அவள் பாவாயி, அதே மில்லில் நாளெல்லாம் நின்று நூல் சுற்றுபவள். வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைத்தபடியே கண்ணயர்ந்துவிடுவாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் ஒரு கருவி செய்தான். மணிக்கட்டில் பித்தளைக் காப்பை மாட்டிப் பிடியைச் சுற்றினால், உடம்பின் களைப்பு கஞ்சித்தண்ணீர்போல் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

இறங்கியதை யாராவது குடித்து, தூங்கித் தீர்க்க வேண்டும். கீழே கொட்டினால் வந்த உடம்புக்கே திரும்பிவிடும். நஞ்சப்பன் தினமும் அவள் களைப்பைக் குடித்துவிட்டு அடித்துப்போட்டதுபோல் தூங்கினான். களைப்பே இல்லாத பாவாயிக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மனசு உருகும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

சேதி முதலாளி சுப்பையாவின் காதுக்கு எட்டியது. உதிரும் கழிவுப் பஞ்சைக்கூட விடாமல் விற்று மாடி வீடு கட்டியவர் அவர். சொன்ன சொல் மாறாதவர் என்ற பெயரும் உண்டு.

"கருவியை மில்லுக்குக் கொடுத்துரு நஞ்சப்பா. அதுல வர்ற கழிவும் என்னுதுதான். ஒரு சொட்டுக்கூட நீ தொடக்கூடாது. இது பேச்சு."

மில் பெண்களெல்லாம் தெம்பாக வீட்டுக்குப் போவார்கள் என்ற நினைப்பில் நஞ்சப்பன் தலையாட்டினான்.

வேலை முடிந்ததும் அந்தப் பெண்கள் எல்லாருடைய களைப்பையும் இறக்கினார்கள். "இப்பத்தான் யாருக்கும் களைப்பில்லையே, இன்னொரு ஷிப்ட் ஓட்டுங்க" என்றார் முதலாளி. அந்தக் களைப்பையும் இறக்கியபோது பெரிய குடம் ஒன்று நிறைந்துவிட்டது.

"சாக்கடையில ஊத்துங்க" என்றார் முதலாளி.

"ஊத்துனா இவங்க அத்தனை பேரும் நின்ன இடத்துலயே விழுந்துருவாங்க. செஞ்சவன் நானுங்க, நானே குடிச்சுக்கறேன்" என்று நஞ்சப்பன் குடத்தைத் தூக்கினான்.

பாவாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாமுங்க மாமா. ரெண்டு ஷிப்ட் பார்த்த உங்க களைப்பே உங்க உடம்புல இருக்குது. இதையும் குடிச்சா எந்திரிக்கவே மாட்டீங்க. பாடுபட்டவங்க நாங்க, எங்களுக்கே ஊத்துங்க."

செய்தவன் எனக்கு என்கிறான். உழைத்தவள் எனக்கு என்கிறாள். முதலாளியோ வேறெங்கோ பார்க்கிறார். யோசித்துச் சொல்லுங்கள்: இந்தக் குடம் யாரைச் சேர வேண்டும்?

விடை: முதலாளியைத்தான். கழிவும் என்னுது என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கியவர் அவர். நஞ்சப்பன் அதில் ஒரு சொட்டையும் தொடக்கூடாது. பாவாயி இதை எடுத்துச் சொன்னதும் அவர் குடத்தைக் கையில் வாங்கினார். சொல் மாறாதவர் அல்லவா, குடித்தார். வேலையே பார்க்காத உடம்பில் இடம் நிறைய இருந்தது. பஞ்சு மூட்டைமேல் சாய்ந்தவரை ஒரு வாரம் யாராலும் எழுப்ப முடியவில்லை. சங்கு ஊதச் சொல்ல ஆளில்லாமல் மில்லும் தூங்கியது. விழித்த பிறகு இரண்டாவது ஷிப்ட் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அவர் குடிக்குமுன் பாவாயி மட்டும், "எனக்குத் தூங்கோணுங்க" என்று கேட்டுத் தன் பங்கை வாங்கிக் குடித்திருந்தாள். அன்று வீட்டில் அவள் விட்ட குறட்டையை நஞ்சப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.