பேச்சியம்மையின் மனுவும் ஒன்பது மூக்குகளும்

வெண்கரைப்பட்டணத்து நகரசபையில் ஒன்பது பேர். கடை வைக்க, சுவர் எழுப்ப, வாய்க்கால் வெட்ட, எதற்கும் அவர்கள் உத்தரவு வேண்டும். குத்தகை யாருக்கு என்று சொல்வதும் அவர்கள்தான். ராஜா கனகசேகரர்கூட அந்தச் சபையில் தலையிட மாட்டார். சபையை ஏற்படுத்தியவர் அவருடைய பாட்டனார். பாட்டனார் போட்ட சட்டத்தில் கை வைத்தால் கனவில் வந்து திட்டுவார் என்று ராஜாவுக்குப் பயம்.

அந்தச் சட்டத்தைக் கேளுங்கள். மனு வாசிக்கும்போது சபையில் யாராவது தும்மினால் அபசகுனம். மனு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். நல்ல சட்டம்தான், ஜலதோஷமே வராத ஊருக்கு.

சபைத் தலைவர் தில்லைமுத்துவின் மடியில் எப்போதும் ஒரு மூக்குப்பொடி டப்பி இருக்கும். முன்னாடியே வீட்டுக்குப் போய் 'கவனித்தவர்' மனு என்றால் டப்பி திறக்காது. வெறுங்கையோடு வந்தவர் மனு என்றால் ஒரு சிட்டிகை, ஒரு 'அச்சூ'. அவ்வளவுதான், போய் வா மகனே.

பேச்சியம்மை வெறுங்கையோடு வந்தவள். கோட்டை வாசலில் காலியாகக் கிடந்த இடத்தில் சோற்றுக்கடை போட உத்தரவு கேட்டாள். ஏழு மாதம், ஏழு தும்மல். எட்டாவது தடவையும் தள்ளிப்போனால் இடம் அடுத்த மனுதாரருக்கு. அந்த அடுத்த மனுதாரர் யார் தெரியுமா? தலைவரின் மைத்துனர். வேறு யாராக இருக்கும்!

எட்டாவது கூட்டத்துக்கு முதல் நாள் அவள் மாசிலாமணியைப் போய்ப் பார்த்தாள். மாசிலாமணி அரசவையில் இருப்பவர். என்ன உத்தியோகம் என்று அவருக்கே தெரியாது. ராஜா சிக்கலில் மாட்டினால் மட்டும் அவரைக் கூப்பிடுவார்கள்.

"ஐயா, அந்த இடம் போனால் நானும் என் ரெண்டு பிள்ளைகளும் பட்டினிதான். வேறே தொழில் எனக்குத் தெரியாது" என்றாள்.

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. நேராக ராஜாவிடம் போனார்.

"சட்டத்தை மாற்றச் சொல்லாதீர், மாசிலாமணி. பாட்டனார் பொல்லாதவர்" என்றார் ராஜா.

"சட்டம் அப்படியே இருக்கட்டும், மகாராஜா. உத்தரவு கிடைக்கும்வரை அந்த அம்மாள் சபை மண்டபத்துக் கொல்லையில் சமைத்துக்கொள்ளட்டும். அது அரண்மனை நிலம்தானே?"

"இவ்வளவுதானா? தாராளமாகச் சமைக்கட்டும். என் வார்த்தை."

மறுநாள் சபை கூடியது. மனு வாசிக்கும் பொறுப்பை அன்று மாசிலாமணி கேட்டு வாங்கிக்கொண்டார். மூக்கின் இரண்டு துவாரத்திலும் பஞ்சு. ராஜா எதிர்மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

கொல்லையில் பேச்சியம்மை இரும்புச் சட்டியைக் காயவைத்து, இரண்டு படி காய்ந்த மிளகாயைக் கொட்டி வறுக்கத் தொடங்கினாள்.

முதல் மனு சபையாருக்குப் பட்டு மெத்தை வாங்குவது பற்றியது. மாசிலாமணி 'பட்டு' என்றார். ஒன்பது பேரும் தும்மினார்கள்.

"அடுத்த மாதம்" என்று மடித்து வைத்தார்.

இரண்டாவது, குளம் தூர்வாரும் குத்தகையைத் தலைவரின் மருமகனுக்குக் கொடுப்பது. 'குளம்' வரைக்கும்கூடப் போகவில்லை.

"அடுத்த மாதம்."

"அந்த அடுப்பை அணைக்கச் சொல்லுமய்யா" என்று கண்ணைக் கசக்கினார் தில்லைமுத்து.

"மனுவாகக் கொடுங்கள்."

கொடுத்தார். மாசிலாமணி வாசித்தார். ஒன்பது பேரும் தும்மினார்கள்.

"அடுப்பை அணைப்பதும் அடுத்த மாதம்தான்."

சபையில் ஒரு கிழவர் தேம்பித் தேம்பிக் கேட்டார். "அந்த அம்மாள் எதுவரைக்கும் இங்கேயே வறுக்கும்?"

"கடைக்கு உத்தரவு கிடைக்கும்வரை. ராஜ வார்த்தை."

"அப்படியானால் அவள் மனுவை எடும். இப்போதே எடும்."

ஒன்பது பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் மட்டும் மைத்துனரை நினைத்துக் கையை மெல்ல எடுத்தார். பக்கத்தில் இருந்த இருவரும் பாய்ந்து அவர் மூக்கைப் பிடித்தார்கள். ஆளுக்கொரு பக்கம்.

மாசிலாமணி நிதானமாக ஆரம்பித்தார். "ஸ்வஸ்திஸ்ரீ. மங்களம் உண்டாகட்டும். வெண்கரைப்பட்டணத்தில் குடியிருக்கும் பேச்சியம்மை, அவள் தகப்பனார், அவருடைய தகப்பனார்..."

"சீக்கிரம் வாசியுமய்யா" என்று மூக்கால் முனகினார் ஒருவர்.

"அவசரப்பட்டால் அபசகுனம். எங்கே விட்டேன்? முதலிலிருந்து வாசிக்கிறேன்."

முகங்கள் சிவந்தன. கண்ணீர் தாடியில் ஒழுகியது. ஒரு வழியாகக் கடைசி வரிக்கு வந்து, "சபைக்குச் சம்மதமா?" என்றார்.

"சம்பதம்" என்றார்கள் ஒன்பது பேரும், அமுக்கிய மூக்கோடு. தலைவர் சொன்னது மற்ற எட்டுப் பேருக்கும் பயந்து. மாசிலாமணி முத்திரை குத்தினார். குத்தி முடித்ததும் மண்டபமே அதிரும்படி ஒரு தும்மல் எழுந்தது. அதற்குள் உத்தரவு பேச்சியம்மை இடுப்பில் இருந்தது.

ராஜா இறங்கி வந்தார். "ஏழு மாதமாக அடக்க முடியாத தும்மலை இன்றைக்கு எப்படி அடக்கினீர்கள், தில்லைமுத்து?"

தில்லைமுத்து பொடி டப்பியை மடிக்குள் தள்ளி மறைத்தார்.

மாசிலாமணி மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னார். "மூக்கைப் பிடிக்கக் கை வேண்டுமே, மகாராஜா. இத்தனை நாளும் அது நீட்டியபடியே இருந்ததே."

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணி கழுத்தில் போட்டார். பேச்சியம்மை அன்று மாலையே கோட்டை வாசலில் அடுப்பு மூட்டினாள்.